நாலு மில்லிமீட்டர் பொறாமை

அத்தியாயம் 7

வெங்கிட்டுவுக்கு அல்தாஃபைப் பார்த்த மாத்திரத்திலேயே பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டால் ஒன்பது காரணம் சொல்வான். ஒன்பதும் பொய். உண்மையான காரணம் கங்காவின் பிளாஸ்கில் இருந்தது.

கொச்சி மட்டாஞ்சேரியில் 'கங்கா துப்பறியும் நிலையம்' என்று போர்டு மாட்டிப் பதினோரு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து அவளுக்கு ஒரே உதவியாளன் வெங்கிட்டுதான். கொட்டுகிற மழையில் ஊரார் கணவன்மார்களைப் பின்தொடர்ந்தவன் அவன். வைப்பின் ஜங்கார் படகில் நாய்க்கடி பட்டவனும் அவனேதான். இத்தனை செய்தும் அந்த பிளாஸ்கிலிருந்து ஒரு சொட்டுக் காபி அவன் நாக்கில் பட்டதில்லை. "இது டாக்டர் சொன்ன அளவாக்கும், பங்கு வைக்க முடியாது" என்பாள் கங்கா. அப்பேர்ப்பட்டவள், அறிமுகமாகிப் பத்து நிமிஷம்கூட ஆகாத இருபத்தாறு வயசுப் பையனுக்கு பிளாஸ்க் மூடி நிறைய ஊற்றிக் கொடுக்கிறாள்!

"ஏன் அக்கா, டாக்டரை மாத்தியாச்சா?" என்றான் வெங்கிட்டு.

"சும்மா இரு. பாவம், காலம்பறலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல்லை."

"நானும்தான் சாப்பிடல்லை."

"நீ மூணு இட்லி சாப்பிட்டாய். நான் எண்ணினேன்."

துப்பறிகிறவளிடம் வேலை பார்ப்பதில் இது ஒரு கஷ்டம்.

அவர்கள் உட்கார்ந்திருந்தது பஜார் ரோட்டில், சுக்குக் கிடங்குக்கு மேலே இருந்த மாடி ஆபீஸில். மசாலா மெஷின்கள் செய்து விற்கிற நைனா முகம்மதுவின் கம்பெனி அது. கீழேயிருந்து காரம் ஏறி வந்து ஆளாளுக்குத் தும்மல் போட்டுக்கொண்டிருந்தார்கள். நைனா முகம்மது மட்டும் தும்மவில்லை. நாற்பது வருஷமாக அந்தக் காற்றிலேயே மூச்சு விடுகிறவர். ஆனால் அவர் முகம் மிளகாய் மாதிரிச் சிவந்திருந்தது.

விஷயம் இதுதான். போன சனிக்கிழமை, காலடி என்ற ஊரிலிருந்து வந்த எட்டு வியாபாரிகள் முன்னால் அவர் தன்னுடைய புது மெஷினை ஓட்டிக் காட்டினார். ஜாதிக்காயின் மேல்தோட்டை உடைத்துப் பருப்பெடுக்கிற மெஷின். சுவிட்சைப் போட்டதும் உருளையின் அச்சு மூடித் தகட்டில் உரசித் தீப்பொறி பறந்தது. மெஷின் அலறிக்கொண்டே நின்றுவிட்டது. வியாபாரிகள் சாயா குடித்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு போனார்கள். பிரித்துப் பார்த்தால், அச்சைத் தாங்குகிற பக்கத் தகட்டில் துளை நாலு மில்லிமீட்டர் கீழே விழுந்திருக்கிறது. பக்கத் தகட்டை கம்ப்யூட்டரில் வரைந்தவன் அல்தாஃப்.

"சதிச்சிட்டான் மேடம்," என்றார் நைனா முகம்மது. "பெரும்பாவூர் கம்பெனிக்காரன் இவனை வேலைக்குக் கூப்பிட்டிருக்கான். அங்க போறதுக்கு முந்தி என் மெஷினைக் கெடுத்திட்டுப் போகப் பாக்குறான். உங்களுக்கு நாலு மணி வரைக்கும் டைம். நாலு மணிக்கு இவன் ஆபீஸ் சாவியைத் தந்திட்டு எறங்கிடணும். எதுக்காக எறக்கினேன்னு நான் ஊர் முழுக்கச் சொல்லத்தான் செய்வேன்."

மசாலா மெஷின் உலகம் கையகலம். சதிகாரன் என்ற பெயரோடு அந்தப் படியிறங்கினால், கொச்சியில் எந்தக் கம்பெனியும் அல்தாஃபை உள்ளே விடாது.

"இக்கா, நான் போகல்லன்னு அவங்ககிட்ட அப்பவே சொல்லிட்டேன்," என்றான் அல்தாஃப் முதலாளியிடம். தன் கம்ப்யூட்டரைக் கை காட்டினான். "மேடம், இங்க பாருங்க. என் துளை இப்பவும் கம்ப்யூட்டர்ல சரியான எடத்துலதான் இருக்கு."

"கெடுத்திட்டுப் பின்னே திருத்தியிருப்ப!" என்று சீறினார் நைனா முகம்மது.

கங்கா கையமர்த்தினாள். "எனக்கு இந்தக் கம்ப்யூட்டர் படமெல்லாம் தெரியாது. கொறச்சு மனசிலாகிற மாதிரி சொல்லு."

அல்தாஃப் மேஜை விளக்கைப் போட்டு, அதன் கீழே கையை நீட்டினான். மேஜையில் கையின் நிழல் விழுந்தது.

"இந்தக் கைதான் மூல வரைபடம். உருளையோட அச்சு எங்க நிக்கணும்னு அதுல ஒரு வட்டம் இருக்கும். மத்த பாகத்தை வரையுறப்ப நாங்க அந்த வட்டத்தைத் திரும்பவும் அளந்து வரைய மாட்டோம். அங்கேருந்து ப்ரொஜெக்ட் பண்ணுவோம். அதான் இந்த நிழல். நிழல்கோடுன்னு சொல்லுவோம். திரையில கத்தரிப்பூ நெறத்துல தெரியும். கை நகந்தா..." கையை நகர்த்தினான், நிழலும் கூடவே போனது. "நிழலும் நகரும். தனியாத் திருத்த வேண்டாம்."

"நிழல் தானா நகராதா?"

"நகராது மேடம். தொடுப்பை வெட்டிவிட்டா மட்டும் அது நிழலா இருக்காது. மேஜையில பூசின பெயின்ட் மாதிரி. கை எங்க போனாலும் அது அங்கேயே நிக்கும்."

கங்காவின் கண்கள் விரிந்தன. "கேட்டயா வெங்கிட்டு? எத்தனை அழகா சொல்றான் பாரு. நம்மகிட்டயும் இப்படி ஒருத்தன் வேணும்."

அந்தக் கடைசி வாக்கியம் வெங்கிட்டுவின் நெஞ்சில் இறங்கியது. வேணுமாம்! இருக்கிறவன் என்ன, கோட் ஸ்டாண்டா? அல்தாஃபின் நீள விரல்களும் சுருட்டை முடியும், 'மேடம் மேடம்' என்கிற குழைவும் அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தன. இவன் குற்றவாளியாக இருக்க வேண்டும் என்று மனசுக்குள் மட்டாஞ்சேரி பகவதிக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டான்.

"மூல வரைபடம் யார் கையில் இருக்கு?" என்று கேட்டாள் கங்கா.

"என் கையில்," என்று மெதுவான குரல் வந்தது.

மூலையில் இன்னொரு கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவள் எழுந்து வந்தாள். ஸாதனா. முப்பத்தைந்து வயசிருக்கும். கம்பெனியின் மூத்த டிசைனர். அவள் வரும்போதே சாயாவும் ஒரு தட்டில் பழம்பொரியும் கொண்டுவந்து, நேராக வெங்கிட்டுவின் முன்னால் வைத்தாள். அன்று காலை அவனை மனுஷனாக மதித்த முதல் ஜீவன்.

"மூல வரைபடத்தை நான் தொடல்லை," என்றாள் ஸாதனா. "தொட்டிருந்தா என் மூடித் தகடும் கெட்டுப் போயிருக்குமே? என் மூடிக்கும் அதே வட்டத்தோட நிழல்தான். ரெண்டும் வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ஒண்ணாத்தான் கட்டிங்குக்குப் போச்சு. என்னோடது சரியா வந்திருக்கு. அல்தாஃபோடது வரல்லை." கொஞ்சம் நிறுத்தி, "பாவம், கவனக்குறைவாயிருக்கும். சதியொண்ணும் இருக்காது இக்கா. மன்னிச்சு அனுப்பிடுங்கோ," என்றாள்.

"பழைய பதிப்பு ஏதாவது இருக்குமே? வியாழக்கிழமை எப்படி இருந்துதுன்னு பார்க்க?"

"சனிக்கிழமை தோறும் பழசையெல்லாம் அழிச்சுடுவோம். எடம் போறாது."

கங்கா அல்தாஃபைக் கூட்டிக்கொண்டு அவன் கம்ப்யூட்டர் பக்கம் போனாள். வெங்கிட்டு பழம்பொரியைக் கடித்தான்.

"உங்களுக்கு இங்கே எத்தனை வருஷம்?" என்று கேட்டான்.

"ஆறு. உங்களுக்கு அவாகிட்ட?"

"பதினொண்ணு."

ஸாதனா சிரித்தாள். "அவன் வந்து எட்டு மாசம்தான் ஆச்சு. நிழல்கோடு போடறதுக்கு நான்தான் கத்துக் குடுத்தேன்."

வெங்கிட்டு இன்னொரு பழம்பொரியை எடுத்துக்கொண்டான். ஒரே பஸ்ஸில் நின்றுகொண்டே போகிற இரண்டு பேர் பேசிக்கொள்ளவா வேண்டும்?

"வெங்கிட்டு!" என்று கூப்பிட்டாள் கங்கா. "தோப்பும்படி கட்டிங் யார்டுக்குப் போ. வியாழக்கிழமை வெட்டின ஷீட்டில் மிச்சம் ஏதாவது கெடக்கான்னு பாரு. ஓடு!"

"நீங்க வரல்லையா?"

"நான் அல்தாஃப்கிட்ட இன்னும் கொறச்சு படிக்கணும்."

படிக்கட்டும், நன்றாகப் படிக்கட்டும். வெங்கிட்டு ஆட்டோ பிடித்தான்.

யார்டில் மெஷின் ஓட்டுகிற சுதீர் நல்ல மனுஷன். கங்காவின் விசிட்டிங் கார்டைக் கொடுத்து விஷயத்தைச் சொன்னதும், சுவரோரம் சாய்த்து வைத்திருந்த இரும்புத் தகட்டைக் காட்டினான். மாவில் அச்சுப் போட்டு பிஸ்கட் எடுத்தபின் மிஞ்சுகிற சல்லடை போல, தகட்டில் பாகங்கள் போன இடமெல்லாம் ஓட்டையாக இருந்தது. இரண்டு பெரிய ஓட்டை, பக்கத் தகடுகள். ஒரு அகல ஓட்டை, ஸாதனாவின் மூடி. மூன்றும் ஒரே ஷீட், ஒரே ஃபைல்.

"இதென்ன சேட்டா?" ஒரு மூலையில் விரல் நீளத்துக்கு ஒரு பட்டை, ஷீட்டை விட்டு வராமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"பூட்டுப் பட்டை. இடம் மிஞ்சினா அவங்க ஃபைல்ல ஒண்ணு ரெண்டு இதையும் சேர்த்து அனுப்புவாங்க. இது ஒரு ஓரம் வெட்டு விழல்லை. அதனால நின்னுபோச்சு." சுதீர் அதை முறுக்கி ஒடித்துக் கையில் கொடுத்தான். "பழைய மாடல்ல அச்சைப் பூட்டுறதுக்கு ஸாதனா சேச்சி வரைஞ்சது, இதுலயும் ஒரு துளை அந்த மூல வரைபடத்து வட்டத்தோட நிழல்தான். மாதிரி ஒண்ணு ஆணியில கெடக்கு பாருங்க."

வெங்கிட்டு இரண்டு பட்டைகளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தான். ஒரு துளை பொருந்தியது. மற்றது பொருந்தவில்லை. சுதீர் புருவத்தைச் சுருக்கி, காலிப்பரை வைத்து அளந்தான். பழைய பட்டையில் துளைக்குத் துளை அறுபது மில்லிமீட்டர். வியாழக்கிழமைப் பட்டையில் அறுபத்துநாலு.

நாலு!

வெங்கிட்டுவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் விளக்கும் கையும் நிழலும் தெரியும். இந்தப் பட்டையை அல்தாஃப் தொட்டதே இல்லை. அப்படியும் இதுவும் அதே நாலு மில்லிமீட்டர் நகர்ந்திருக்கிறது. அப்படியென்றால் நகர்ந்தது நிழல் இல்லை. கையேதான் நகர்ந்திருக்கிறது. மூல வரைபடத்தை யாரோ நகர்த்தி, ஃபைல் கட்டிங்குக்குப் போனதும் பழையபடி வைத்துவிட்டார்கள். அல்தாஃப் நிரபராதி.

"மேடத்துக்கு போன் பண்ணிச் சொல்லுங்க," என்றான் சுதீர். "முக்கியமான சாட்சியாச்சே."

"நானே கொண்டு போய்க் குடுக்கறேன்."

கொடுக்கிறேன் என்றுதான் ஆட்டோவில் ஏறினான். பாலத்தைத் தாண்டும்போது, 'நம்மகிட்டயும் இப்படி ஒருத்தன் வேணும்' என்பது காதில் கேட்டது. பட்டையைக் கொடுத்தால் என்ன ஆகும்? அல்தாஃபின் கண்ணில் தண்ணீர் வரும். கங்கா அவன் தோளில் தட்டுவாள். மிச்சமிருக்கிற காபியையும் ஊற்றிவிடுவாள். வெங்கிட்டு ஓரமாக நின்று பார்க்க வேண்டும். ஐயோ, பார்க்க முடியாது! பட்டை அவன் சட்டைப் பைக்குள் போயிற்று. பேன்ட் பைக்கு மாற்றினான். அங்கேயும் குத்தியது.

ஆபீஸுக்குத் திரும்பியதும் கங்கா நிமிர்ந்து பார்த்தாள். "என்னாச்சு? ஏதாவது கெடச்சுதா?"

"வெறும் ஓட்டை அக்கா. ஓட்டையைத் தவிர ஒண்ணும் இல்லை."

கங்கா அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். "செரி" என்றாள்.

மூன்றே முக்காலுக்கு எல்லோரும் கூடினார்கள். நைனா முகம்மது கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"ஒரே ஒரு சோதனை," என்றாள் கங்கா. "அல்தாஃப், மூல வரைபடத்தில் அந்த வட்டத்தைக் கொஞ்சம் நகர்த்து."

அல்தாஃப் நகர்த்தினான். திரையில் பக்கத் தகட்டின் கத்தரிப்பூ வட்டம் கூடவே நகர்ந்தது. மூடியின் வட்டம் நகரவில்லை. கல் மாதிரி நின்றது. நிறமும் கத்தரிப்பூ இல்லை, வெறும் நீலம்.

"ஸாதனா, உன் மூடி நிழல்னு சொன்னாயே. இது பெயின்ட் மாதிரின்னா இருக்கு?"

ஸாதனா அசரவில்லை. "ஆமாம். வெள்ளிக்கிழமைதான் தொடுப்பை வெட்டினேன். வேலை முடிஞ்ச பாகத்தை வெட்டி வைக்கறது நல்லதில்லையா? வியாழக்கிழமை கட்டிங்குக்குப் போறச்சே அது நிழல்தான். மூல வரைபடம் நகர்ந்திருந்தா அதுவும் நகர்ந்துதான் வந்திருக்கும். வரல்லையே!"

கங்கா வாயைத் திறந்தாள், மூடினாள். நைனா முகம்மது பெருமூச்சு விட்டார். "மதி மேடம், போதும். அல்தாஃப், சாவி எடு."

அல்தாஃப் பையில் கையை விட்டான். சாவி பையின் நூலில் சிக்கிக்கொண்டு வர மாட்டேனென்றது. வெங்கிட்டு அவனைப் பார்க்கப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பினான். திருப்பிய இடத்தில் ஸாதனாவின் முகம்.

அவள் வருத்தமாகத்தான் நின்றிருந்தாள். தலை குனிந்து, கைகட்டி, எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் உதட்டின் ஓரம் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அங்கே ஒரு சின்ன சந்தோஷம் துடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சந்தோஷத்தை வெங்கிட்டுவுக்கு நன்றாகத் தெரியும். பாலத்தின்மேல் ஆட்டோவில் வரும்போது அவன் உதட்டிலும் அதுவேதான் துடித்தது. சே, என் மூஞ்சி இப்படியா இருந்தது என்று நினைத்துக்கொண்டே பேன்ட் பைக்குள் கையை விட்டான்.

"சாவி எடுக்காதே," என்றான் வெங்கிட்டு. பட்டையை மேஜைமேல் போட்டான். டங்கென்று சத்தம் கேட்டது.

"என்னது?" என்றார் நைனா முகம்மது.

"பூட்டுப் பட்டை. வியாழக்கிழமை இதே ஷீட்டில் வெட்டினது. அறுபது இருக்கவேண்டிய எடத்தில் அறுபத்துநாலு. வரைஞ்சது ஸாதனா. அல்தாஃபுக்கு இப்படியொண்ணு இருக்கறதே தெரியாது."

ஸாதனாவின் கட்டியிருந்த கைகள் அவிழ்ந்தன.

"இக்கா, நான் கம்ப்யூட்டர் படிச்சவன் இல்லை, ஆனா எண்ணத் தெரியும்," என்றான் வெங்கிட்டு. "வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் கை நகர்ந்திருக்கு. பக்கத் தகடு நகர்ந்துது. யாரும் ஞாபகம் வைக்காத இந்தப் பட்டைகூட நகர்ந்துது. இவ மூடி மட்டும் நகரல்லை. அன்னிக்கு அது நிழலா இருந்திருந்தா அதுவும் நாலு கீழே போயிருக்கணும். அப்போ வெள்ளிக்கிழமை வெட்டினேன்னு சொல்றது பொய். பதினோரு மணிக்கு முன்னாடியே வெட்டியாச்சு. கை நகரப்போறதுன்னு தெரிஞ்சவாதானே தன் நிழலை மட்டும் முன்கூட்டியே காப்பாத்தி வைக்க முடியும்?"

நைனா முகம்மது ஸாதனாவைப் பார்த்தார். "புள்ளே... நீயா?"

ஸாதனா நிமிர்ந்து அவரை நேராகப் பார்த்தாள். பேச ஆரம்பித்தபோது குரல் மெதுவாக இல்லை.

"என் மூடி தப்பா வரக்கூடாது இக்கா. ஆறு வருஷத்தில் ஒரு பாகம் தப்பா வந்ததில்லை. உங்களுக்கு ஓர்மை இருக்கா? மெஷின் முழுக்க என் மூல வரைபடத்துமேலதான் நிக்கறது. போன மாசம் காலடிக்காரா முதல் தடவை வந்தப்போ என்ன சொன்னேள்? 'அல்தாஃப் உண்டாக்கின மெஷின்'னு சொன்னேள். என்னைப் பார்த்து, 'ஸாதனா, எட்டு சாயா'ன்னேள். நான் போய் எட்டு சாயா போட்டேன்!" அவள் அழுதாள். "ஒரு தடவை அவன் தப்புப் பண்ணினான்னு நீங்க பார்க்கணும்னு இருந்துது. அவ்வளவுதான். அவன் வேலை போகும்னு... போகட்டும்னும் நினைச்சேன். பொய் சொல்ல மாட்டேன்."

அல்தாஃப் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தான். "சேச்சி, நீங்கதானே எனக்குச் சொல்லித் தந்தது" என்றான்.

நைனா முகம்மது பட்டையை எடுத்துப் புரட்டிப் பார்த்துக் கீழே வைத்தார். பிறகு கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டு, "அல்தாஃப், நீ போய் உன் சீட்ல உக்காரு. நான் சொன்னதையெல்லாம் மறந்திடு. ஸாதனா, சாவியை வெச்சிட்டு வீட்டுக்குப் போ. எட்டு சாயா விஷயம் என் தப்பு, அதை நான் சம்மதிக்கிறேன். ஆனா சதி சதிதான்," என்றார்.

வெங்கிட்டு கங்காவின் பின்னால் படியிறங்கினான். கீழே வாசலில் சுக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த லாரியைச் சுற்றி நடந்தார்கள். பாதி வழியில் அவன் நின்றுவிட்டான்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். அந்தப் பட்டை மத்தியானம் பன்னெண்டரைக்கே என் பாக்கெட்ல இருந்துது."

"தெரியும்."

"தெரியுமா?"

"ஒரு மணிக்கு சுதீர் போன் பண்ணினான். 'சேட்டன் அந்தப் பட்டையைக் கொண்டுவந்து தந்தாரா'ன்னு கேட்டான். எத்தனை மில்லிமீட்டர்னும் சொன்னான்."

வெங்கிட்டுவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. "அப்போ அங்கே வாயைத் திறந்து மூடினது..."

"நாலு மணி ஆக இன்னும் நாலு நிமிஷம் இருந்துது. நீ எடுக்கறயான்னு பார்த்தேன்."

"பொறாமை அக்கா. வேற ஒண்ணும் இல்லை. அவனுக்குக் காபி குடுத்தேள், எனக்கு வயிறு எரிஞ்சுது."

"அது காலம்பறவே உன் மூஞ்சியில தெரிஞ்சுது. பொறாமைப்படறதுக்கெல்லாம் நான் கோவிச்சுக்க மாட்டேன், எனக்கும் உண்டு."

"நான் கடைசி வரைக்கும் எடுக்காம இருந்திருந்தா?"

கங்கா புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, ஆட்டோவுக்குக் கை காட்டினாள்.

"சுதீரை போன்ல கூப்பிட்டு நானே எல்லார்கிட்டயும் சொல்லியிருப்பேன். அல்தாஃபோட சாவி அவன்கிட்டயே இருந்திருக்கும்," என்றாள். "உன் சாவியை நான் வாங்கியிருப்பேன்."